இரண்டெழுத்து, இரண்டும் பிழை

'ஓகே' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் கிடைக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவர்கூடச் சாகாத நாளில் பாசறைப் பலகையில் 'சுழியம், கில்டு' என்று எழுதினார்களாம். சுழியம் ஓ ஆனது, கில்டு என்பதன் முதலெழுத்து கே ஆனது என்பார் ஒருவர். கிரேக்க மொழியில் எல்லாம் நலம் என்பதற்கு 'ஓலா கலா', அதன் சுருக்கம்தான் இது என்பார் இன்னொருவர். ஒபதையா கெல்லி என்றொரு ரயில்வே சரக்கு எழுத்தர் தான் சரிபார்த்த பொதிகளில் எல்லாம் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கிறுக்கி வைத்தாராம். ஹைத்தியின் ஒரு துறைமுகத்திலிருந்து வந்த நல்ல ரம், ஸ்காட்லாந்துக்காரர்கள் 'ஆமாம்' என்று சொல்லும் விதம், போர்வீரர்கள் தின்ற ஒரு பிஸ்கட்டின் முத்திரை என்று பட்டியல் நீள்கிறது. வாட்ஸப்பில் வரும்போது ஒவ்வொன்றோடும் ஒரு படமும் வந்துவிடுகிறது.

இவற்றில் எதுவும் உண்மையில்லை. உண்மையான பதிலுக்கு ஆண்டு, மாதம், தேதி எல்லாம் உண்டு. அது ஒரு பத்திரிகை ஆசிரியரின் எழுத்துப்பிழை. தெரியாமல் செய்த பிழையும் அல்ல, வேண்டுமென்றே செய்தது.

1838, 1839 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளைச் சுருக்கெழுத்துப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. சொற்றொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்கி எழுதுவது நாகரிகமாயிற்று. இன்று பிள்ளைகள் 'எல்ஓஎல்' என்று தட்டுவதை மொழி கெட்டுப்போனதன் அடையாளமாகப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு தகவல்: ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மெத்தப் படித்த ஆசிரியர்கள் இதே வேலையைத் தலையங்கப் பக்கத்திலேயே செய்துகொண்டிருந்தார்கள். சும்மா சுருக்குவதில் சுவாரசியம் குறைந்ததும் விளையாட்டு அடுத்த படிக்குப் போனது. எழுத்தறிவு அரைகுறையாக உள்ளவன் காதால் கேட்டதை அப்படியே எழுதினால் எப்படி எழுதுவானோ, அந்தத் தப்பான எழுத்துகளின் முதலெழுத்தை எடுத்துச் சுருக்கினார்கள். 'ஆல் ரைட்' என்பதை முறைப்படி சுருக்கினால் ஏ, ஆர் என்று வரவேண்டும். அவர்கள் ஓ, டபிள்யூ என்று எழுதினார்கள். 'நோ கோ' என்றால் நடக்காத காரியம். இல்லை என்று பொருள்படும் 'நோ'வை, தெரியும் என்று பொருள்படும் இன்னொரு 'நோ'வாகப் பாவித்து, ஓசையில்லாத அந்தக் கே எழுத்தை முன்னால் நிறுத்தி, கே, ஜி என்றார்கள். ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தீராத சண்டையை வைத்து அந்த ஊர்க்காரர்களே அடித்த கேலி இது.

1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் ஒரு நையாண்டித் துணுக்கு வந்தது. அதன் ஆசிரியர் சார்ல்ஸ் கோர்டன் கிரீன். உணவு மணி அடிப்பது பற்றிய நகராட்சி விதி ஒன்றை முன்னிட்டுப் பாதி விளையாட்டாகத் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் அப்போது பாஸ்டனில் இருந்தது. அந்தச் சங்கத்தாரின் பயணத்தைப் பற்றிப் பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகையைச் சீண்டி எழுதிய நாலு வரி அது. அதற்குள் ஓ, கே என்ற இரண்டு எழுத்துகளும், பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்ற விளக்கமும் இருந்தன. அதாவது 'எல்லாம் சரியாக இருக்கிறது'. ஆல் என்பதற்கு முதலெழுத்து ஏ. கரெக்ட் என்பதற்கு முதலெழுத்து சி. கிரீன் போட்டது ஓவும் கேயும். எல்லாம் சரி என்று சொல்லும் சுருக்கத்தில் ஓர் எழுத்துகூடச் சரியில்லை என்பதுதான் நகைச்சுவை. அச்சில் இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய ஓகே இதுவே.

விளக்கத்தையும் சேர்த்தே அச்சிட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாசகர்களுக்கு அந்தச் சுருக்கம் அதற்கு முன் பழக்கமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு யாரும் பக்கத்திலேயே பொருள் எழுதுவதில்லை.

அந்தக் காலத்தின் மற்ற சுருக்கங்கள் எல்லாம் செத்துப்போயின. ஓ டபிள்யூவும் கே ஜியும் இன்று மொழியியல் ஆய்வாளருக்கு மட்டுமே தெரியும். ஓகே மட்டும் பிழைத்ததற்குக் காரணம் அடுத்த ஆண்டு நடந்த தேர்தல்.

1840இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவர் மார்ட்டின் வான் பியூரன். மறுமுறையும் போட்டியிட்டார். நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்தவர். டச்சுக்காரர்கள் குடியேறிய ஊர், வீட்டில் பேசியதும் டச்சு மொழி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்கத் தலைவர் அவர்தான். ஊர்ப் பெயரை வைத்து ஆதரவாளர்கள் அவரைச் செல்லமாக 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று அழைத்தார்கள். முதலெழுத்துகள் ஓ, கே. பாஸ்டனில் ஓராண்டாகச் சுற்றிக்கொண்டிருந்த வேடிக்கைச் சுருக்கமும் ஓ, கே. இரண்டும் மோதிக்கொண்ட இந்தத் தற்செயலை நியூயார்க்கின் கட்சிக்காரர்கள் விடவில்லை. ஓகே கிளப் என்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். கிழவர் எல்லாம் சரியாகச் செய்வார் என்று ஒரே சொல்லில் இரண்டு பொருள். ஊர்வலங்களில் முழங்கும் கோஷமாயிற்று.

எதிர்க்கட்சியான விக் கட்சி சும்மா இருக்குமா? அவர்கள் அதே இரண்டு எழுத்துக்கு வேறு விரிவாக்கங்கள் கண்டுபிடித்தார்கள். அதைவிட விஷமமான ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். வான் பியூரனின் அரசியல் குரு முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன். அவருக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது, 'ஆல் கரெக்ட்' என்பதை ஓவும் கேயும் போட்டு எழுதுவதாக நினைத்துக்கொண்டு கோப்புகளில் ஓகே என்று கையெழுத்திட்டார் என்பதே அந்தக் கதை. ஜாக்சன் அப்படிச் செய்ததற்குச் சான்று கிடையாது. ஆனால் அரசியல் வசைக்குச் சான்று எதற்கு? வான் பியூரன் அந்தத் தேர்தலில் மண்ணைக் கவ்வினார். வாக்காளர் குழு வாக்குகளில் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234, இவருக்கு 60. தலைவர் போனார், சொல் தங்கிவிட்டது. ஒரு கட்சி கோஷமாகவும் மறு கட்சி கேலியாகவும் நாடு முழுக்கக் கத்தியதில், அந்த இரண்டெழுத்தைக் கேள்விப்படாத அமெரிக்கர் இல்லை என்றாகிவிட்டது.

பிறகு தந்தி வந்தது. 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் கம்பி ஓடியது. செய்தி கிடைத்தது, பிழையில்லை என்று மறுமுனைக்குத் தெரிவிக்க ஒரு குட்டிச் சமிக்ஞை வேண்டும். தந்தி எழுத்தர்கள் ஓகேயை எடுத்துக்கொண்டார்கள், ரயில்வேக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை அங்கே உதிர்ந்து, வேலைக்கான சொல்லாக மாறியது.

இத்தனையும் நமக்குத் தெரிவது ஆலன் வாக்கர் ரீட் என்ற ஒருவரின் உழைப்பால். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1941இல் அவர் எழுதிய கட்டுரையில் ஓகேயின் பிறப்பிடம் 1840 தேர்தல், அதாவது வான் பியூரனின் ஊர்ப் பெயர் என்றே சொன்னார். அதோடு திருப்தி அடையவில்லை. பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தொடர்ந்து புரட்டியதில் தேர்தலுக்கு முந்தைய ஓகேக்கள் அகப்பட்டன. அப்படியானால் கிண்டர்ஹுக் மூலமாக இருக்க முடியாது. வளர்ப்புத் தாய் வேண்டுமானால் ஆகலாம். 1963, 1964 ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக எழுதி முழு வரலாற்றையும் நிறுவினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி உட்பட இன்றைய பெரிய அகராதிகள் இந்த முடிவையே ஏற்கின்றன. கணினித் தேடல் இல்லாத காலத்தில், ஒரு சொல்லுக்காக மனிதர் எத்தனை பத்திரிகைகளைக் கண்ணால் மேய்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

சரி, மற்ற கதைகளை எப்படித் தள்ளுவது? முதல் சோதனை தேதி. உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861இல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே சொல் அச்சில் ஏறிவிட்டது. பலிப் பலகையும் போர்க்கால பிஸ்கட்டும் இந்த ஒரே காரணத்தால் அடிபடுகின்றன. இரண்டாவது சோதனை, மூல ஆவணத்தைக் கண்ணால் பார்ப்பது. டென்னசியில் 1790ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவேடு ஒன்றில், அதுவும் ஆண்ட்ரூ ஜாக்சன் சம்பந்தப்பட்ட பதிவில், ஓகே இருப்பதாக நெடுநாள் சொல்லிவந்தார்கள். கூர்ந்து பார்த்தவர்களுக்கு அது ஓ, ஆர் என்று தெரிந்தது. 'பதிவு செய்ய உத்தரவு' என்பதன் சுருக்கம். பழைய கையெழுத்தில் ஆரும் கேயும் ஒன்றுபோல் இருந்ததால் வந்த வினை.

சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில் 'அப்படித்தான்' என்று பொருள்படும் 'ஓக்கே' போன்ற ஒரு சொல் உண்டு. அதுவே மூலம் என்ற கருத்து ஒருகாலத்தில் அகராதிகள்வரை ஏறியது. 1913 முதல் 1921 வரை தலைவராக இருந்த உட்ரோ வில்சன் அதை நம்பி, கோப்புகளில் கடைசியில் எச் எழுத்து வரும்படி வேறு எழுத்துக்கூட்டலில் ஒப்பமிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் 'ஆமாம்' என்பதற்கு நெருக்கமான ஒலி இருப்பதை டேவிட் டால்பி என்ற மொழியியலாளர் சுட்டினார். இந்த இரண்டையும் பலிப் பலகைக் கதையோடு சேர்த்துக் குப்பையில் போடக் கூடாது. பழங்குடிகளும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பல சொற்களைத் தந்தவர்கள். அந்தக் கடன் வெகுகாலம் மறைக்கப்பட்டதும் உண்மை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட சொல் அவர்களிடமிருந்து பாஸ்டன் பத்திரிகைக்கு வந்து சேர்ந்த வழித்தடம் எங்கும் காணப்படவில்லை. மாறாக, பத்திரிகைத் தடம் நாள்வாரியாகக் கிடைக்கிறது.

ஒலி ஒத்திருந்தால் போதும், உறவு கொண்டாடலாம் என்ற ஆசை நமக்கும் அந்நியமல்ல. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம்முடைய காசுதான் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். விஷயம் பாதி உண்மை, அதனால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ்கள் உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் லத்தீனில் பெட்டி. இன்னொரு கேஷ், கீழைநாடுகளின் சிறு செப்புக் காசு. அது தமிழ்க் காசு போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்குப் புத்தகங்களில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று அந்தக் கேஷ் உட்கார்ந்திருக்கிறது. சீனத்தின் துளையிட்ட நாணயத்துக்கும் அதே பெயர் போனது. இரண்டு சொல்லும் எழுத்தில் ஒன்றாகிவிட்டதால் வந்த குழப்பம் இது. நமக்குரிய பெருமை இரண்டாவதில் இருக்கிறது, சான்றோடு இருக்கிறது. முதலாவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டையுமே சந்தேகிப்பார்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். இரண்டு பெரிய எழுத்துகள் மட்டுமா, நடுவில் புள்ளி வேண்டுமா, அல்லது உச்சரிப்புப்படி நான்கு எழுத்தாக விரித்து எழுதுவதா என்று ஆங்கில ஏடுகளே ஒத்துப்போகவில்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் புள்ளியில்லாமல் எழுதச் சொல்கிறது. நியூயார்க் டைம்ஸ் நெடுங்காலம் புள்ளி வைத்தே எழுதிவந்தது. நாவலாசிரியர்கள் பெரும்பாலும் நான்கெழுத்துப் பக்கம். உரையாடலுக்கு நடுவே இரண்டு பெரிய எழுத்துகள் கூச்சல் போடுவதுபோல் தெரிவதால் இருக்கலாம். வினைச்சொல்லாக்கி இறந்தகாலத்தில் எழுதும்போது இரண்டெழுத்து வடிவம் ஒட்டுக்குறி போட்டுத் திண்டாடுகிறது, நான்கெழுத்து வடிவம் சுலபமாக வளைகிறது. மூன்றும் சரியே, ஒரே கட்டுரைக்குள் கலக்காமல் இருந்தால் போதும். பிழையாகவே பிறந்த சொல்லுக்கு எது பிழையில்லாத வடிவம் என்று இத்தனை பேர் மல்லுக்கட்டுவதைக் கிரீன் பார்த்திருந்தால் ரசித்திருப்பார். தமிழில் எழுதும் நமக்கு இந்தத் தகராறே இல்லை. எப்படி வந்தாலும் ஓகேதான்.

நம் திரையுலகமோ பாஸ்டன்காரர்களின் விளையாட்டைத் தன்னையறியாமல் திரும்ப ஆடியிருக்கிறது. 2012இல் வந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' சுருங்கி ஓகே ஓகே ஆனது. 2015இல் 'ஓ காதல் கண்மணி' ஓகே கண்மணி ஆனது. தலைப்பின் முதலெழுத்துகள் வேறொரு சொல்லாக விழும்போது வரும் குறும்பு, ஓல்டு கிண்டர்ஹுக் காலத்திலிருந்தே வேலைசெய்கிறது.

பொருள் விஷயத்தில்தான் ஓகே உண்மையிலேயே தந்திரசாலி. அது பெயராகவும் வினையாகவும் அடையாகவும் தனி வாக்கியமாகவும் நிற்கும். இந்தச் சொல்லுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதிய ஆலன் மெட்காஃப், ஒன்றை ஏற்றுக்கொள்ளும், ஆனால் நன்று என்றோ தீது என்றோ மதிப்பிடாது என்பதையே அதன் பெரும் பலமாகக் கருதுகிறார். படப்பிடிப்பில் இயக்குநர் 'ஷாட் ஓகே' என்றால் அடுத்த காட்சிக்குப் போகலாம் என்று பொருள். நடிப்பு பிரமாதம் என்று பொருளல்ல. பிரமாதமாக இருந்தால் வேறு சொல் வரும். விமர்சகர் ஒரு படத்தை 'ஓகே ரகம்' என்று எழுதினால் தயாரிப்பாளர் முகம் வாடிவிடும். பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் கேட்டதற்கு 'ம், ஓகே' என்று பதில் வந்தால் வீட்டில் மேற்கொண்டு விசாரணை நடக்கும். எல்லாம் சரி என்று தொடங்கிய சொல், மோசமில்லை என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கைப்பேசியில் அது கே என்ற ஒற்றையெழுத்தாகத் தேய்ந்தபின் கோபமாகக்கூடப் படிக்கப்படுகிறது. நீண்ட செய்தி அனுப்பியவருக்கு 'கே' என்று மட்டும் பதில் போட்டுப் பாருங்கள்.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வளையமாகச் சேரும் ஓகே சைகை தனிக்கதை. ஆழ்கடல் மூழ்குநர்களுக்கு அது நலம் என்ற குறி, ஜப்பானில் பணம், பிரேசிலில் வசவு. 2017இல் இணையக் குறும்பர்கள் சிலர் அது வெள்ளையினவெறிச் சின்னம் என்று பொய்யாகப் பரப்பினார்கள். அந்தப் பொய்யை உண்மையான இனவெறியர்கள் எடுத்து அணிந்துகொள்ள, 2019இல் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்புக் கழகம் தன் வெறுப்புச் சின்னப் பட்டியலில் அதைச் சேர்க்கும்படி ஆயிற்று. சாதாரணமாகக் காட்டுபவர்கள் பெரும்பாலோருக்கு அது இன்றும் ஓகேதான் என்று கழகமே குறிப்பிட்டிருக்கிறது.

கணினித் திரையில் ஓகே பொத்தான் வந்ததற்குப் பின்னாலும் ஓர் எழுத்துக்கூட்டல் சங்கடம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா கணினியை உருவாக்கும்போது, உரையாடல் பெட்டியின் பொத்தானில் 'செய்' என்று பொருள்படும் 'டூ இட்' என்ற சொற்களை வைத்திருந்தார்கள். புதியவர்களை உட்காரவைத்துச் சோதித்தபோது சிலர் அந்தப் பொத்தானைத் தொடவே தயங்கினார்கள். திரையின் எழுத்துருவில் பெரிய 'ஐ' எழுத்து சின்ன 'எல்' போலவே இருந்தது. இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளியும் போதவில்லை. படித்தவர்களுக்கு அது 'டோல்ட்' என்று தெரிந்தது, அதாவது மடையன். இயந்திரம் தன்னை ஏன் திட்டுகிறது என்று ஒருவர் கடுப்பானதாக அந்தக் குழுவில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பொத்தான் ஓகேயாக மாறியது.

அந்தப் பொத்தான் தமிழுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளர்கள் 'சரி' என்று போட்டார்கள். கோப்பைச் சேமிக்கவா என்று கேட்கும் இடத்தில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஓகே பொத்தான் கேள்வியே இல்லாத இடத்திலும் நிற்கும்: வட்டில் இடமில்லை, இணைப்பு துண்டிக்கப்பட்டது, கோப்பைத் திறக்க முடியவில்லை. அங்கே ஓகே என்றால் ஒப்புதல் இல்லை, தகவல் கிடைத்தது என்ற பழைய தந்தி எழுத்தரின் ஓகே. தமிழ்ச் 'சரி'யில் நியாயம் என்ற வாடையும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் 'உங்கள் கோப்பு சிதைந்துவிட்டது' என்ற அறிவிப்புக்குக் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தானைப் பார்க்கும்போது, என்ன சரி என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த வகைப் பெட்டிகளில் மட்டும் 'மூடு' என்றோ 'அறிந்தேன்' என்றோ போடலாம்.